நாலு லட்சம் கரண்டி தக்காளி சாஸ்

அன்பும் மரியாதையும் கலந்த மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையைக் கைப்பிடித்தவன் வணங்கி எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் இருவரும் உடம்பளவில் சௌக்கியம். மற்றதைக் கீழே எழுதியிருக்கிறேன். அங்கே நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் முழங்கால் வலி அந்தப் புது மருந்துக்குக் கேட்கிறதா? ஏலக் கடையில் கூட்டம் குறையாமல் வருகிறதா? போன தடவை நீங்கள் இங்கே வந்தபோது வாங்கி வந்த ஆப்பிள்களைப் பற்றி நான் "ஒரு பக்கம் மெத்துன்னு இருக்கு" என்று சொன்னதை நீங்கள் இன்னும் மனதில் வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். அதற்கு இந்தக் கடிதத்தின் முகப்பிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் அது மெத்தென்றுதான் இருந்தது.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் தங்கை எனக்குச் சமைப்பதை நிறுத்திவிட்டாள். இன்றோடு பத்தொன்பது நாள். சண்டை இல்லை, சத்தம் இல்லை. "குளிச்சாச்சா?", "கதவப் பூட்டிக்குங்க", "கரண்ட் பில் வந்திருக்கு" என்கிற மூன்று வாக்கியங்களில் எங்கள் குடும்பம் ஓடிக்கொண்டிருக்கிறது. காலை ஒன்பதரைக்கு எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருக்கும் சாப்பாட்டுக் கடைக்குப் போகிறாள். வேலைக்கு, மச்சான்! ஐம்பத்தெட்டு வயதில்! மாலை நாலு மணிக்கு வெங்காயமும் பூண்டும் மணக்கப் படியேறி வருகிறாள். களைப்பாக வந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருக்கும். முகத்தில் ஒரு தெளிவோடு வருகிறாள், அதுதான் தாங்கவில்லை. இது போதாதென்று கடை முதலாளி வேறொரு ஊரில் இன்னொரு கடை திறக்கப்போகிறாராம். அந்தச் சமையலறையை இவள்தான் பொறுப்பெடுத்து நடத்தவேண்டுமாம், தங்குவதற்குக் கடை மாடியிலேயே அறை உண்டாம், ஒன்றாம் தேதிக்குள் பதில் சொல்லவேண்டுமாம். இன்று தேதி இருபத்திரண்டு. அவள் போய்விட்டால் நான் இந்த நாலு சுவருக்குள் என்ன செய்வேன்? அண்ணன் என்கிற முறையில் நீங்கள் அவளைக் கண்டித்து நாலு வரி எழுதவேண்டும் என்பதற்காகத்தான் பேனாவை எடுத்தேன். நடந்ததை ஒளிவு மறைவில்லாமல் சொல்கிறேன். நியாயம் யார் பக்கம் என்று நீங்களே பாருங்கள்.

நான் தக்காளி சாஸ் கம்பெனியில் முப்பத்துமூன்று வருடம் ருசி பார்ப்பவனாக இருந்தது உங்களுக்குத் தெரியும். ஆனால் அங்கே என்ன செய்தேன் என்று நீங்கள் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. இரண்டாம் மாடியில் ஒரு வெள்ளை அறை. வெள்ளைச் சுவர், வெள்ளை மேசை, வெள்ளைக் கரண்டி, ஒரு குவளை வெதுவெதுப்பான தண்ணீர், துப்புவதற்கு ஒரு தொட்டி. கீழே ஒவ்வொரு கொப்பரை சாஸ் வெந்து இறங்கியதும் அதில் ஒரு கிண்ணத்தை ஆறவைத்து மேலே என்னிடம் அனுப்புவார்கள். அளவு குறித்த ஒரு எவர்சில்வர் தட்டில் அதை விட்டு, அரை நிமிடத்தில் எவ்வளவு தூரம் ஓடுகிறது என்று பார்ப்பேன். ஐந்துக்கும் ஏழுக்கும் நடுவில் நின்றால் சரி. பிறகு ஒரு கரண்டி எடுத்து நாக்கின் நுனியில், ஓரத்தில், அடியில் உருட்டி, கண்ணை மூடி, துப்பி, வாய் கொப்பளித்து, நோட்டில் எழுதுவேன். எழுதுவதற்கென்று இருபத்தாறு சொற்களைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். விதை, தோல், கருகல், புகை, பச்சை வாடை, தகர வாடை, தண்ணீர் பிரிதல், முரட்டுப் புளிப்பு, செத்த இனிப்பு என்று இப்படி இருபத்தாறும் குறைச் சொற்கள். ஒரு குறையும் இல்லையென்றால் அந்தக் கட்டத்தில் சின்னதாக ஒரு கோடு போடுவோம். அவ்வளவுதான். நன்றாக இருக்கிறது என்று எழுத அந்த நோட்டில் இடமே கிடையாது. ஒரு நாளைக்கு நாற்பது கரண்டி, வருடத்துக்கு முந்நூறு நாள். பெருக்கிப் பார்த்தால் நாலு லட்சம் கரண்டிக்குக் கொஞ்சம் குறையும். அதில் ஒரு கரண்டியைக்கூட நான் விழுங்கியதில்லை. விழுங்கினால் அடுத்த கரண்டிக்கு நாக்கு பொய் சொல்லும் என்பது அந்த அறையின் முதல் சட்டம்.

அந்த அறையை நான் வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டேன் என்று இப்போது தோன்றுகிறது. கல்யாணமான இரண்டாவது வாரம் உங்கள் தங்கை ஆசையாக இரண்டு தக்காளியை நறுக்கித் தட்டில் வைத்தாள். "இந்த வீட்ல தக்காளி வேண்டாமே" என்றேன். தலைமுடியிலிருந்து செருப்பு வரை அந்த வாடையோடு வருகிறவனுக்கு வீட்டிலாவது அதிலிருந்து விடுதலை வேண்டாமா? அவள் "சரி" என்றாள். சரி என்றால் முப்பத்துமூன்று வருடத்துக்கும் சரி. புளிப்புக்கு எலுமிச்சை, நிறத்துக்கு மிளகாய் என்று அவளே ஒப்பேற்றிக்கொண்டாள். அவளுக்குத் தக்காளி என்றால் உயிர் என்பதை நான் தெரிந்துகொண்டது இந்த மாதம்தான். சரி, நான் சாப்பாட்டு மேசையில் என்ன செய்தேன்? வேலை நேரம் முடிந்துவிட்டது என்று நாக்குக்கு யார் போய்ச் சொல்வது? "உப்பு ஒரு சிட்டிகை தூக்கல்." "வெங்காயம் ஓரத்துல கருகல்." "உருளைக்கிழங்கு உள்ள இன்னும் பச்சை." குறை இல்லாத நாள்களில் பேசாமல் சாப்பிட்டு எழுந்துவிடுவேன். அந்த நாள்கள்தான் அதிகம், மச்சான். சத்தியமாகச் சொல்கிறேன், முக்கால்வாசி நாள் நான் வாயே திறக்கவில்லை. அதையெல்லாம் அவள் பாராட்டாக எடுத்துக்கொள்கிறாள் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

எட்டு மாதத்துக்கு முன்னால் ஓய்வு பெற்றேன். விடைகொடுக்கும் கூட்டத்தில் மேலாளர் என் கையைப் பிடித்துக் குலுக்கி, "இவர் இருந்த வரைக்கும் ஒரு பாட்டில்கூடத் திரும்பி வந்ததில்லை" என்று பேசிவிட்டு, இரண்டு பெட்டிகளில் நாற்பத்தெட்டு பாட்டில் சாஸ் கொடுத்தார். அது பாராட்டா இல்லையா என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் யோசித்தேன். பெட்டிகள் கட்டிலுக்கு அடியில் போயின. அதுவரை ஒரு வேளை குறை கேட்டுக்கொண்டிருந்த உங்கள் தங்கை அன்று முதல் மூன்று வேளை கேட்க ஆரம்பித்தாள்.

இருபது நாளைக்கு முன்னால் ஒரு காலையில் அவள் ஆறு கிலோ தக்காளி வாங்கி வந்தாள். வெந்நீரில் போட்டுத் தோலை உரித்தாள். வெங்காயத்தையும் பூண்டையும் நிறம் மாறாமல் எண்ணெயில் வதக்கி, தக்காளியைக் கொட்டி, சிறு தீயில் நாலு மணி நேரம் கிண்டினாள். ஓரத்தில் எண்ணெய் பிரிந்து மிதக்கும்வரை அடுப்பைவிட்டு நகரவில்லை. ஆறு கிலோவும் சுண்டி ஒரு சின்னப் பாத்திரத்துக்குள் அடங்கிவிட்டது. எனக்கு ஒரு கிண்ணத்தில் ஊற்றி, பக்கத்தில் ரொட்டியை வைத்து, "இத்தனை வருஷம் அந்த வாசனையோட வந்தீங்க, அதனால வேண்டாம்னீங்க. இப்பதான் அது இல்லையே. உங்களுக்காகச் செஞ்சேன், சாப்பிட்டுப் பாருங்க" என்றாள்.

அடுத்து நான் செய்ததை எழுதக் கை கூசுகிறது. அலமாரியைத் திறந்து, கம்பெனியிலிருந்து ஞாபகார்த்தமாகக் கேட்டு வாங்கி வந்த அந்த எவர்சில்வர் தட்டை எடுத்தேன். அவள் சாஸை அதில் விட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். எட்டு வரை ஓடியது. ஒரு கரண்டியை வாயில் உருட்டினேன், எழுந்து போய்ப் பாத்திரம் கழுவும் தொட்டியில் துப்பினேன், வாய் கொப்பளித்தேன். "விதை மூணு. அடியில லேசா கருகல். ஓரத்துல தண்ணி பிரியுது" என்றேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. தொட்டியைப் பார்த்தாள். பிறகு குழாயைத் திறந்துவிட்டு, அது முழுக்கப் போகும்வரை நின்றாள். மீதி சாஸை மூடி எடுத்துக்கொண்டு கீழே போய்க் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு வந்தாள். "இனிமே உங்களுக்கு வேணுங்கறத நீங்களே செஞ்சுக்குங்க. குறையும் நீங்களே சொல்லிக்கலாம்" என்றாள். மறுநாள் காலை கடைக்காரர் மூச்சு வாங்கப் படியேறி வந்து, "அக்கா, டிரைவருங்கல்லாம் தட்டை வழிச்சு வழிச்சுச் சாப்பிட்டுட்டு இன்னும் கேட்டாங்க. தினமும் ஒரு பாத்திரம் செஞ்சு குடுப்பீங்களா?" என்றார். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள்.

எனக்கு ஆத்திரம் வந்தது. சமைக்கத் தெரியாதுதான். ஆனால் கட்டிலுக்கு அடியில் நாற்பத்தெட்டு பாட்டில் சாஸ் இருக்கிறது. சாஸைப் பற்றி என்னைவிடத் தெரிந்தவன் எவன் இருக்கிறான்? முதல் நாள் நூடுல்ஸை வேகவைத்து அரை பாட்டிலை அப்படியே கவிழ்த்தேன். இருமல் மருந்தில் ஊறிய நூல்கண்டு மாதிரி இருந்தது. இரண்டாம் நாள் எண்ணெயை நன்றாகக் காயவைத்து அதில் சாஸை ஊற்றினேன். படபடவென்று வெடித்து, பாதி என் கைமேலும் பாதி சமையலறைக் கூரையிலும் போய் ஒட்டியது. கையைக் குளிர்ந்த தண்ணீரில் வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தேன். கூரையிலிருந்து அது இறங்கும் வேகத்தைக் கவனித்தேன். கெட்டித்தன்மை சரியாகத்தான் இருந்தது. மூன்றாம் நாள் சூப் என்று நினைத்துப் பாலில் சாஸைக் கலந்தேன். சாஸில் இருக்கும் புளிப்பு பாலைத் திரித்துவிடும் என்பது வெள்ளை அறையில் யாரும் எனக்குச் சொல்லாத விஷயம். ஐந்தாம் நாள் நடந்ததுதான் பெரியது. பயறையும் ஒரு பாட்டில் சாஸையும் குக்கரில் போட்டு மூடினேன். விசில் வரும் என்று பத்து நிமிடம் காத்திருந்தேன், வரவில்லை. சாஸ் ஏறி ஓட்டையை அடைத்துக்கொண்டது. பிறகு எல்லா விசிலும் சேர்ந்து ஒரே தடவையாக வந்தது. அடைப்பு பிய்த்துக்கொண்டு, சாஸ் சன்னல் வழியாக எங்கள் மாடி நடைபாதையைத் தாண்டி, எதிர் வீட்டுத் தையல்காரர் ஒரு பல் டாக்டருக்காகத் தைத்து மாட்டியிருந்த வெள்ளைக் கோட்டின் மார்பு முழுக்கத் தெளித்தது.

தையல்காரர் கோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். "இதப் போட்டுக்கிட்டு அவரு பல்லு புடுங்க வந்தா நாற்காலியில எவன் உக்காருவான்?" என்று கத்தினார். நியாயமான கேள்வி. கோட்டை நான் ஊறவைத்துத் துவைத்துக் கொடுத்தேன். துவைக்கும்போது அவர் பக்கத்தில் நின்று என் சமையலறையைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், கோபம் இறங்கிவிட்டது. தனியாக இருக்கிறவர், தனக்குத் தானே சமைத்துக்கொள்கிறவர். "சாஸை அப்படியே ஊத்தினா சாஸ்தான் இருக்கும், சாப்பாடு இருக்காதுங்க" என்றார். "முதல்ல வெங்காயத்த நிதானமா வதக்குங்க. அப்புறம் சாஸ ஊத்தி, அந்தத் துள்ளல் அடங்கற வரைக்கும் கிண்டுங்க. கொஞ்சம் தண்ணி விடுங்க. அதுக்கப்புறம் உள்ள எத வேணா எறக்குங்க." மீனை அதில் வேகவைக்கலாமாம். உருளைக்கிழங்கைப் பிரட்டலாமாம். பழைய ரொட்டியை அதில் நனைத்து, மேலே முட்டையை உடைத்து ஊற்றி அடுப்பில் காட்டலாமாம். கடைசியாக ரகசியம் சொல்வதுபோல, "பித்தளைக் குழாயில தேச்சுக் கால் மணி நேரம் விட்டீங்கன்னா பளபளன்னு ஆயிடும். உங்க சாஸ்ல எனக்கு ரொம்பப் புடிச்சதே அதுதான்" என்றார். முப்பத்துமூன்று வருட உழைப்பு குழாய் துலக்கத்தான் என்று கேட்டதும் எனக்கு எங்கே முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை.

இருந்தாலும் மறுநாள் வீட்டில் இருந்த மூன்று பித்தளைக் குழாய்களிலும் சாஸைத் தேய்த்தேன். பொழுது போகவேண்டுமே. மாலை நாலு மணிக்கு உங்கள் தங்கை வந்தாள், கை கழுவப் போனாள், ஒரு நிமிடம் நின்றாள். "குழாய் நல்லாருக்கு" என்றாள். சொல்லிவிட்டுத் துண்டை எடுத்துக் கை துடைத்துக்கொண்டு போய்விட்டாள். அவ்வளவுதான். எவ்வளவு சுலபமாக வருகிறது பாருங்கள் அவளுக்கு! யோசிக்கவில்லை, கண்ணை மூடவில்லை, அளந்து பார்க்கவில்லை. ஒரு குழாய்க்குக் கிடைத்த வார்த்தை அது. நான் அன்று மாலை முழுக்க அந்தக் குழாய்க்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, மச்சான், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். குழாயைத் துலக்கியவனுக்கே இவ்வளவு சந்தோஷம் என்றால், நாலு மணி நேரம் அடுப்படியில் நின்றவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். நினைத்துப் பார்க்கப் பிடிக்கவில்லை.

முந்தாநாள், வியாழக்கிழமை, இரண்டும் கெட்டான் வேளையில் நானே படியிறங்கிக் கடைக்குப் போனேன். கூட்டம் இருக்காது, அவள் பின்பக்கம் இருப்பாள் என்று கணக்குப் போட்டேன். கடை நிறைய ஆள். ஒரே ஒரு இடம்தான் காலி. இடது பக்கம் ஒரு லாரி டிரைவர், வலது பக்கம் சுவர், நேர் எதிரே சமையலறைச் சன்னல். முதலாளி என்னைப் பார்த்ததும் நான் கேட்காமலேயே ஒரு கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்தார். ஆவி பறக்கிற சாஸ், அதில் பாதி முங்கிய இரண்டு முட்டை, ஓரத்தில் வாட்டிய ரொட்டி. ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டு, பழக்கம் எங்கே போகும், நுனியில், ஓரத்தில், அடியில் உருட்டினேன். துப்புவதற்குத் திரும்பினேன். டிரைவரின் தோள்தான் இருந்தது. நிமிர்ந்தேன். சன்னலில் உங்கள் தங்கையின் முகம். கையில் கரண்டியோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு வழியில்லை. விழுங்கினேன்.

மச்சான், ருசி நாக்கோடு முடிந்துவிடுகிறது என்றுதான் நான் இத்தனை காலமும் நினைத்திருந்தேன். முடியவில்லை. தொண்டையில் இறங்கும்போது வேறொரு இனிப்பு வருகிறது. அது நெஞ்சுக்குள் சூடாகப் போய் உட்காருகிறது, மூச்சு விட்டால் மூக்கு வழியாகத் திரும்பி வந்து இன்னொரு தடவை விசாரித்துவிட்டுப் போகிறது. வயிறு அதைத் தெரிந்துகொள்கிறது, உடம்பு கொஞ்சம் தளர்கிறது. இந்தப் பாதி ஒன்று இருப்பதே தெரியாமல் நான் முப்பத்துமூன்று வருடம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறேன். அடுத்த வாய் எடுத்தேன். விதை தேடினேன், இல்லை. கருகல் இல்லை. தண்ணீர் பிரியவில்லை. இருபத்தாறு சொற்களையும் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுப் பார்த்தேன், ஒன்றும் பொருந்தவில்லை. ரொட்டியால் கிண்ணத்தைத் துடைத்துத் தின்றேன். இன்னொரு கிண்ணம் வாங்கி அதையும் துடைத்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. டிரைவர் மிளகாய் என்று நினைத்துக்கொண்டு தன் தண்ணீர்க் குவளையை என் பக்கம் தள்ளினார்.

உங்கள் தங்கை வெளியே வந்தாள். ஈரக்கையைத் துணியில் துடைத்துக்கொண்டு என் மேசைக்கு முன்னால் நின்றாள். "சொல்லுங்க. என்ன குறை?" என்றாள். குரலில் கோபம் இல்லை. கடையே சாப்பிடுவதை நிறுத்திவிட்டது மாதிரி எனக்குத் தோன்றியது. வாயைத் திறந்தேன். உள்ளே அவ்வளவு இருந்தது, வெளியே வர ஒரு சொல் இல்லை. கடைசியில், "கோடு" என்றேன். "என்னது?" என்றாள். "கட்டத்துல ஒரு கோடு போடலாம்" என்றேன். அவள் குனிந்து மேசையைப் பார்த்தாள். எந்தக் கோட்டைச் சொல்கிறேன் என்று தேடினாள். பிறகு கையிலிருந்த துணியால் மேசையை ஒரு தடவை நன்றாகத் துடைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

இப்போது உங்களுக்கு விளங்கியிருக்கும். அவளைக் கண்டித்து எழுதச் சொல்லி ஆரம்பித்தேன். எழுதிக்கொண்டே வரும்போது அந்த வரியை எனக்கே படிக்கப் பிடிக்கவில்லை. கண்டிக்கவேண்டாம். எனக்கு வேறு உதவி வேண்டும். நீங்கள் ஏலம் விடுகிறவர். ஒரு கால் ஒடிந்த நாற்காலியைத் தூக்கிப் பிடித்து, "மூணு கால்ல நிக்கிற தைரியம் வேற எந்த நாற்காலிக்கு வரும்?" என்று நீங்கள் கேட்டதையும், இரண்டு பேர் அதற்குப் போட்டி போட்டதையும் நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். உங்களிடம் கொட்டிக் கிடக்கிறது. அதில் எனக்கு ஒரே ஒரு சொல் அனுப்புங்கள். நானும் தேடிப் பார்த்துவிட்டேன். "பிரமாதம்" என்பதைக் கடை முதலாளி காலை முதல் மாலை வரை எல்லாவற்றுக்கும் செலவு செய்கிறார். "அருமை" என்பதைக் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தேன். இரவல் சட்டை போட்டுக்கொண்டதுபோல் இருந்தது. "நல்லாருக்கு" குழாய்க்குப் போய்விட்டது. தொலைபேசியில் மகளிடம் சொன்னேன். "ஏம்ப்பா, நல்லாருக்கும்மான்னு சொன்னா வாய் வலிக்குமா?" என்று கேட்டாள். வாய் வலிக்காது. ஆனால் முப்பத்துமூன்று வருடம் சொல்லாமல் இருந்துவிட்டு இன்றைக்குச் சொன்னால், அப்படியென்றால் இத்தனை நாள் நன்றாக இல்லையா என்று அவள் நினைப்பாள். அதுதான் என் பயம். அதனால் நீங்கள் அனுப்புவது பின்தேதியிட்டுச் செல்லுபடியாகிற மாதிரி, முதல் நாள் சாப்பாட்டிலிருந்து எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்கிற மாதிரி இருக்கவேண்டும். அவள் அந்த ஊருக்குப் போகக்கூடாது, மச்சான். எனக்குச் சாப்பாடு கிடைக்காது என்பதற்காக இல்லை. முட்டையும் சாஸும் இப்போது நானே ஓரளவு செய்கிறேன். நாலு மணிக்குப் படியில் அவள் காலடிச் சத்தம் கேட்கவேண்டும், அவ்வளவுதான்.

ஒன்றாம் தேதிக்கு முன் கிடைக்கும்படி உடனே பதில் போடுங்கள். அக்காவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். பிள்ளைகள் நீண்ட ஆயுளும் நல்ல பசியும் பெற்று வாழ என் ஆசிகள். ஆப்பிள் விஷயத்தைத் தயவுசெய்து மறந்துவிடுங்கள். அந்த ஒரு பக்கம்தான் அப்படி இருந்தது, மறுபக்கம்... அதற்கும் சொல் கிடைக்கவில்லை.

என்றும் உங்கள் அன்புக்குக் கடமைப்பட்ட,
தங்கையின் கணவன்

பி.கு.: அண்ணா, இதற்குக் கீழே எழுதுவது நான். என் கண்ணில் படக்கூடாது என்று இவர் கடிதத்தை எதிர் வீட்டுத் தையல்காரரிடம் கொடுத்துத் தபாலில் போடச் சொல்லியிருக்கிறார். அவர் "தபால் பெட்டி உங்க கடை வாசல்லதானே இருக்கு" என்று என்னிடம் கொடுத்துவிட்டார். உறை சரியாக ஒட்டவில்லை. அடுப்படியில் உட்கார்ந்து படித்தேன். சிரித்தேன், அப்புறம் சிரிக்க முடியவில்லை.

புதுக் கடைக்கு வரமாட்டேன் என்று முதலாளியிடம் போன வாரமே சொல்லிவிட்டேன். அவருக்கு எல்லாமே பிரமாதம். ஒரு நாள் அடிப்பிடித்துவிட்டது, அன்றைக்கும் பிரமாதம் என்றார். அப்படிப்பட்டவரை நம்பி எப்படிப் பாத்திரத்தை இறக்குவது? விதை மூன்று என்று இவர் சொன்னது சரி. அன்றிலிருந்து நான் இரண்டு தடவை வடிகட்டுகிறேன். நான் போகவில்லை என்பதை மட்டும் இவரிடம் இன்னும் சொல்லவில்லை. ஒன்றாம் தேதி வரைக்கும் கொஞ்சம் பயப்படட்டும்.

இன்னொன்று இருக்கிறது. வியாழக்கிழமை இவர் இரண்டு கிண்ணம் துடைத்துச் சாப்பிட்டாரே, அது நான் காய்ச்சிய சாஸ் இல்லை. மழையில் லாரி வராமல் அன்றைக்குத் தக்காளியே இல்லை. முதலாளி ஓடிப்போய் ஆறு பாட்டில் வாங்கி வந்தார். பார்த்தால் இவருடைய கம்பெனி பாட்டில். மூடியில் தேதியைப் பார்த்தேன். இவர் வேலையில் இருந்த மாதம். வெங்காயத்தை வதக்கி அதை ஊற்றிக் கிண்டி முட்டையை இறக்கினேன், அவ்வளவுதான் என் பங்கு. ஆறிப்போனதை வெள்ளைக் கரண்டியில் பார்த்துத் துப்பியே பழகியவருக்கு, சூடாகக் கிண்ணத்தில் வந்ததும் தன் சாஸே அடையாளம் தெரியவில்லை. எனக்கு முதலில் ஆத்திரமாகத்தான் வந்தது. எத்தனை வருடமாக நான் காத்திருந்த பாராட்டு, வந்தும் எனக்கில்லாமல் போய்விட்டதே என்று. பிறகு இந்தக் கடிதத்தைப் படித்தேன். இவர் கோடு போட்டுப் போட்டு ஊருக்கெல்லாம் அனுப்பியதை இவரிடமும் ஒருவரும் நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை, அண்ணா. நானும் சொன்னதில்லை. தக்காளியே நுழையாத வீட்டில் எப்படிச் சொல்வேன்?

அதனால் எனக்காக ஒரு சொல்லும் அனுப்பாதே. அவருக்கு எழுது. ஏலக் கடைப் பேச்சு வேண்டாம். உன் பிள்ளைகள் அந்த பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்து, அடியில் தட்டித் தட்டி, கடைசிச் சொட்டுக்குச் சண்டை போட்டு வளர்ந்தார்களே, அதை மட்டும் உள்ளபடி எழுது. என்னுடையதை நான் கேட்டு வாங்கிக்கொள்கிறேன். திங்கட்கிழமை தக்காளி வருகிறது.